மூன்றாம் வரிசைக் காற்று

ஆவ் பெய்லான் எழுதிய பதிவேடுகளை யான்கௌ நகர ஆவணக் காப்பகம் இன்றும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்திருக்கிறது. மொத்தம் பதினொன்று. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, எல்லா எண்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே உயரம். எங்கள் ஊர் காஸ்டிக் ஆலையின் மற்றக் காகிதங்களெல்லாம் 2001-இல் ஆலை மூடியபோது மழையில் ஊறிப் பழைய தாள் வியாபாரியிடம் போய்விட்டன. இவை மட்டும் பிழைத்தன. அதற்கு மூன்று வருடம் முன்பே இவற்றுக்குச் சிவப்பு நாடா கட்டி, 'முன்மாதிரிப் பதிவு' என்று பெயர் கொடுத்து, காப்பகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பதினொன்றிலும் இருப்பது ஒரே விஷயம்: மின்பகுப்புக் கூடத்தின் காற்றில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்பது. எந்த மாதமும் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டவில்லை என்று பெய்லான் எழுதினாள்.

யான்கௌ தென்மேற்குச் சீனாவின் உள்நாட்டு ஊர், உப்பு கிணற்றிலிருந்து வரும். கடலைப் பார்த்தவர்கள் ஊரில் பத்துப் பேர் தேறமாட்டார்கள். பெய்லானின் கொள்ளுத்தாத்தா ஓர் உப்பு வியாபாரியிடம் வேலை பார்த்தார். கிணற்றிலிருந்து இறைத்த உப்புநீரில் முற்றிய தாமரை விதை பத்தைப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. பத்தும் மிதந்தால் நீர் கெட்டி, முழு விலை. ஐந்து மூழ்கினால் பாதி விலை. வியாபாரி அவரிடம் இரண்டு பைகள் கொடுத்திருந்தார். ஒன்று நீர் வாங்கும்போது, மற்றது விற்கும்போது. விற்கும் பையில் இருந்ததெல்லாம் பூச்சி குடைந்த வெறும் கூடு, குடிதண்ணீரில் போட்டாலும் மிதக்கும்.

பெய்லானின் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நம்ம குடும்பமே விஞ்ஞானிக் குடும்பம்டீ. நாலு தலைமுறையா பரிசோதனைதான்."

அவர் காஸ்டிக் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். 1983-இல், நாலு வருடம் பாக்கி இருக்கும்போதே ஓய்வு எழுதிக் கொடுத்தார். அப்பன் விலகினால் அந்த இடம் பிள்ளைக்கு. அன்றைக்கு அதுதான் வழக்கம். பெய்லானுக்கு இருபது வயது, உயர்நிலைப்பள்ளியில் வேதியியலில் முதல் மதிப்பெண். கொதிகலனுக்குப் பதில் அவளை லேபில் போட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஊதா நிறக் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் ஒரு கைப்பம்பையும் எடுத்துக்கொண்டு மின்பகுப்புக் கூடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் காற்றை உறிஞ்ச வேண்டும். திரும்பி வந்து, அதில் எவ்வளவு பாதரசம் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அந்தக் கூடத்தில் எட்டு வரிசை எஃகுத் தொட்டிகள். அடியில் பாதரசம் ஆறாக ஓடும், மேலே உப்புநீர். மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா. சோப்பு, காகிதம், துணி, அலுமினியம் எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. மாகாணமே எங்கள் ஊரை நம்பியிருக்கிறது என்று ஒலிபெருக்கி காலையும் மாலையும் சொல்லும். பாதரசம் சிந்தும். தரை வெடிப்புகளில் மணி மணியாக உட்கார்ந்திருக்கும். கோடையில் அது காற்றில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

அவள் எடுத்த முதல் அளவு 0.06. அனுமதித்த எல்லை 0.01. லேப் தலைவர் மெங் ஷௌபின் ஊறுகாய் ஜாடியில் தேநீர் குடித்துக்கொண்டே தாளைப் பார்த்தார்.

"சின்ன ஆவ், எங்க நின்னு எடுத்தே?"

"தொட்டிங்களுக்கு நடுவுல."

"ஆள் நிக்கிற எடத்துலல்ல எடுக்கணும்?"

"அங்கதானே நிக்கிறாங்க, தலைவரே."

"கதவுகிட்டயும்தான் நிக்கிறாங்க. சிகரெட் புடிக்க." அவர் தேயிலையைத் துப்பினார். "மாசக் கடைசில மாகாணத்துலேருந்து வர்றாங்க. நீ படிச்ச பொண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. அந்த வருடங்களில் இரசாயன ஆலைகளுக்குள் 'கசிவில்லாத ஆலை' என்ற பட்டத்துக்குப் போட்டி. பட்டம் கிடைத்தால் ஆலை வாசலில் பித்தளைப் பலகை, குடும்பங்களுக்குப் புதிய அடுக்குமாடி, புத்தாண்டுக்கு ஆளுக்கு இரண்டு வாளைமீன். கிடைக்காவிட்டால் அத்தனை பேரும் பழைய கொட்டடியில் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்க வேண்டும். பெய்லான் கதவருகே போய் எடுத்தாள். 0.02. மறுபடி எடுத்தாள். 0.02. 0.009 என்று எழுதினாள்.

அடுத்த மாதம் 0.007. அதற்கடுத்து 0.008. ஒரே எண் தொடர்ந்து இரண்டு மாதம் வரக்கூடாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கோடையில் கொஞ்சம் ஏற்றினாள், பனியில் கொஞ்சம் இறக்கினாள். பொய்யிலும் பருவகாலம் இருந்தது. 1986-இல் பலகை வந்தது. மேளம் கொட்டி ஆணியடித்தார்கள். பெய்லானின் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து, பக்கத்து ஊர் ஆலைக்காரர்களை வரவழைத்துக் காட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் ஷியாங் தாலின் வேலை பார்த்தான். உயரமானவன், வாயாடி. அவள் அளவெடுக்க வரும் நாளில் மற்ற வரிசைக்காரர்கள் சன்னலைத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். தாலின் விடிந்ததும் வந்து தரையைக் கழுவி, வெடிப்புகளில் மஞ்சள் கந்தகத் தூளைத் தூவி வைப்பான். கந்தகம் பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"யாரு உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கேட்டாள் ஒருநாள்.

"உன் எண்ணு நல்லா வரட்டுமேன்னுதான்."

"என் எண்ணா?"

"பின்ன? நீ மொகத்தச் சுளிச்சிக்கிட்டே போறே ஒவ்வொரு தரமும். மூணாம் வரிசையிலயாவது சிரிச்சிட்டுப் போ."

பக்கத்துத் தொட்டியில் நின்ற குண்டு பெங் கத்தினான்: "டேய், கல்யாணத்துக்கு முன்னாடியே தரை கழுவுறான்டா! இவன் காது இப்பவே மெத்துன்னு ஆயிடுச்சி!" பெண்டாட்டிக்கு அடங்கியவனை எங்கள் பக்கம் மெத்துக்காதன் என்பார்கள்.

மூன்றாம் வரிசையில், அந்த ஒரு நாளில், உண்மை அளவு 0.01-ஐ ஒட்டி வந்தது. மற்ற ஏழு வரிசைக்கும் அவள் பெரிய பொய் எழுத வேண்டியிருந்தது, இங்கே மிகச் சின்னது போதும். அவளுக்கு அது காதலாகத் தெரிந்தது. 1985-இல் கல்யாணம், மறுவருடம் மகள் யாவ். அன்றிலிருந்து அவளுக்கு அவன் 'லாவோ ஷியாங்', ஷியாங் பெரியவர்.

அவன் வேலை முடிந்து வந்து கால்சட்டையைக் கழற்றி உதறினால், மடிப்பிலிருந்து வெள்ளி மணிகள் தரையில் உருளும். பெய்லான் ஒரு தாளை மடித்து அவற்றைத் தள்ளி அள்ளுவாள்.

1989 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி சொல்லாமல் கொள்ளாமல் கூடத்துக்குப் போனாள். முந்திய நாள் தாலினுக்கு ஈறில் ரத்தம் வந்திருந்தது. புயல்மழை என்று சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மூன்றாம் வரிசை நடுவில் நின்று காற்றை உறிஞ்சினாள். 0.13. எல்லையைப்போல் பதிமூன்று மடங்கு. முதற்குறிப்புக்கான கரட்டு நோட்டில் அப்படியே எழுதி மெங்கிடம் கொண்டுபோனாள்.

"சுத்தமா எழுதிக் கொண்டா," என்றார்.

"தலைவரே, அவர வேற பிரிவுக்கு மாத்திடுங்க. மூட்டை கட்டுற எடத்துக்குப் போட்டாலும் சரி."

"மாத்தலாம். காரணம் எழுதணுமே."

"காத்து சரியில்லைன்னு…"

மெங் அலமாரியைக் காட்டினார். "ஆறு வருஷமா காத்து நல்லாத்தானே இருக்கு. நீயே எழுதியிருக்கியே."

சுத்தமாக எழுதிக் கொடுத்தாள். 0.008. கரட்டு நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். கெட்டித் தாள், வீணாக்க மனமில்லை. தாலின் அதே மூன்றாம் வரிசையில் இன்னும் ஒன்பது வருடம் நின்றான். 1998-இல் பாதரசத் தொட்டிகளைப் பிரித்துப் போட்டார்கள். 2001-இல் ஆலையே போயிற்று. நாலாயிரம் பேரையும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பித்தளைப் பலகையைத் திருடிக்கொண்டு போனவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

தாலினின் கை நடுக்கத்தை முதலில் ஊருக்குச் சொன்னவை மாஜோங் ஆட்டத்தின் ஓடுகள்தாம். அதற்கு முன்பெல்லாம் கட்டைவிரலால் தடவியே எந்த ஓடு என்று சொல்லுவான். அவனோடு ஆட ஆள் காத்திருக்கும். பிறகு அடுக்கும்போதே கலகலவென்று சரிந்து, அவன் கையிலிருப்பதெல்லாம் மேசைக்கே தெரியத் தொடங்கியது.

"ஷியாங் அண்ணே, நீ அடுக்கினா நான் பூகம்பம்னு நெனச்சி வெளிய ஓடப் பாக்கறேன்," என்பான் பெங்.

"ஓடு. தோக்கறதுக்கு அது மேல்."

சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. தூக்கம் போயிற்று, கோபம் வந்தது. சோற்றுக்கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை அதற்குக் கொண்டுபோனான். 2014 வசந்தத்தில், ஐம்பத்தெட்டு வயதில், சட்டைப் பித்தானைப் போட முடியாமல் அழுதான். பெய்லான் அவனைத் தொழில்நோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். தொழில்நோய் என்று சான்று கிடைத்தால் கடைசிவரை வைத்தியம் இலவசம், துணைக்கு ஆள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெறும் முதுமை, அவரவர் பாடு.

சிறுநீரில் பாதரசம் இல்லை. பதினாறு வருடத்தில் உடம்பு அதை வெளியேற்றிவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்த பிறகு. "இனி வேலை பாத்த எடத்தோட காத்துப் பதிவு இருந்தாத்தான்," என்றாள் டாக்டர் ஃபான், முப்பத்தைந்து வயதுப் பெண். ஆலை இல்லையே என்று பெய்லான் சொன்னாள். தேடச் சொல்கிறோம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் காப்பகத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. பேசிய பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கெடச்சிடுச்சி அக்கா! பதினோரு ஏடும் முழுசா இருக்கு!"

மருத்துவமனை மேசையில் பதிவேடுகள் விரிந்து கிடந்தன. தாலினை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பெய்லான் மட்டும் உள்ளே போனாள்.

"அத்தை, இவ்வளவு ஒழுங்கான பதிவ நான் பாத்ததே இல்ல," என்றாள் ஃபான். "ஒரு மாசம்கூட எல்லையத் தாண்டல."

"அது பொய், டாக்டர்."

"எது?"

"எல்லாந்தான். எழுதினது நான். இதோ, கீழ என் பேரு."

ஃபான் பேனாவை மூடினாள். குரலில் கடுமை இல்லை. "அப்ப பொய் எழுதினேன்னு சொல்றீங்க. சரி. இப்ப சொல்றது நெசம்னு நான் எதை வச்சி எழுதறது? நீங்க நோயாளியோட சம்சாரம். உங்க மேல யாரு இருந்தாங்க? அவரு வந்து சொல்லட்டும்."

திரும்பும் பேருந்தில்தான் தாலினிடம் சொன்னாள். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக. அவன் சன்னல் பக்கம் திரும்பினான். கைகள் மடியில் குதித்துக்கொண்டிருந்தன.

"மூணாம் வரிசையுமா?"

"மூணாம் வரிசையும்தான்."

"நான் கந்தகம் தூவினேனே."

"ஆமா, லாவோ ஷியாங். தூவினீங்க."



மெங் ஷௌபின் மாகாணத் தலைநகர் செங்துவில் மகள் வீட்டில் இருந்தார். எண்பது வயது, புத்தி தெளிவு, பால்கனி நிறைய ஆர்க்கிட் தொட்டிகள். பெய்லான் ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுபோயிருந்தாள். அவர் தானே எழுந்து தேநீர் ஊற்றினார். அதே மாதிரி ஜாடி.

"சின்ன ஆவ், நல்லா யோசிச்சிச் சொல்லு. நான் எப்பவாவது உங்கிட்ட ஒரு எண்ணு சொல்லியிருக்கேனா?"

பெய்லான் யோசித்தாள். பதினாறு வருடத்தையும் மாதம் மாதமாகத் திருப்பிப் பார்த்தாள். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். படித்த பெண் என்று சொல்லியிருக்கிறார். சுத்தமாக எழுது என்று சொல்லியிருக்கிறார். எண் சொன்னதில்லை. ஏழும் எட்டும் ஒன்பதும் அவளுடையவை.

"இல்ல," என்றாள்.

"அதான். சொல்ல வேண்டிய அவசியம் வரல. நீ கெட்டிக்காரி." ஆரஞ்சுப் பெட்டியை அவள் பக்கமே நகர்த்தி வைத்தார். "மருமகன் அரசாங்கத்துல நல்ல எடத்துல இருக்கான். என்னை எதுலயும் இழுக்காதே, தாயி."

மின்பகுப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர்களில் ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள். பெங் மட்டும் சாட்சிக் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டான். தரையெல்லாம் பாதரசம் உருண்டது உண்மை என்று எழுதி, பெருவிரலையும் சிவப்பு மையில் தோய்த்து வைத்தான். விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நம்ம ரெண்டாம் வரிசைக்கு என்ன எழுதினே, அண்ணி?"

"0.009-க்குள்ளதான், எப்பவும்."

"நெசத்துல?"

"உங்களோடது எப்பவும் மூணாம் வரிசைய விட அதிகம்."

அவன் தன் பெருவிரலைப் பார்த்தான். சாட்சித் தாளைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அப்புறம் பெய்லான் வீட்டைக் கவிழ்த்துத் தேடத் தொடங்கினாள். கரட்டு நோட்டுகள் என்றோ அடுப்புக்குப் போயிருந்தன. ஒரு தாளைத் தவிர. எங்கள் ஊர்ப் பெண்கள் துணிச் செருப்பு தைக்கக் காலளவைத் தாளில் வெட்டி, ஏதாவது தடித்த புத்தகத்துக்குள் பத்திரப்படுத்துவார்கள். பெய்லானிடம் அப்படி ஒரு பழைய டிராக்டர் பழுதுபார்க்கும் கையேடு இருந்தது. அதற்குள் மாமியார் கால், தன் கால், தாலின் கால் எல்லாம் இருந்தன. நடுவில் முக்கால் சாண் நீளத்துச் சின்னஞ்சிறு கால்: யாவுக்கு மூன்று வயதில் வெட்டியது. புரட்டினாள். உள்ளங்கால் நடுவே நீல மையில் அவள் எழுத்து:

'ஆகஸ்ட் 11. மழை. வரிசை 3, நடு. 0.13.'

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லாவோ ஷியாங்! கெடச்சிடுச்சி!" என்று கத்தினாள். அவன் வந்து பார்த்தான். எண்ணைப் பார்க்கவில்லை. "யாவோட காலு இத்தினிதான் இருந்திச்சா?" என்றான்.

தொழில்நோயா என்று முடிவு செய்யும் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"வருஷம் எங்க?"

"கத்தரிச்சதுல போயிடுச்சி. எண்பத்தொன்பது."

"முத்திரை?"

"கரட்டு நோட்டுக்கு முத்திரை கெடையாதுங்க."

"மேலதிகாரி கையெழுத்து?"

"அதுக்கும் கெடையாது."

அவர் தாளை மெல்லக் கீழே வைத்தார். "அம்மா, உங்களச் சந்தேகப்படல. இது உங்க எழுத்துதான், நல்லாத் தெரியுது. ஆனா அந்தப் பதினோரு ஏடும் இதே எழுத்துதானே? அதுல மூணு கையெழுத்து இருக்கு, மாசாமாசம் முத்திரை இருக்கு. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் ஒரு செருப்பளவும் ஒருத்தரோட கைநாட்டும். நாங்க என்ன பண்ணட்டும்?"

"அந்தாள் கையப் பாருங்க."

பார்த்தார்கள். தாலின் கைகளைச் சட்டென்று தொடைகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து முடிவை வாங்க வரச்சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் பழைய ஆலை நின்ற இடம். இப்போது பேட்டரி இரசாயனப் பூங்கா. வாசலில் பெரிய மின்பலகை, காற்றில் எது எவ்வளவு என்று நிமிடத்துக்கு நிமிடம் பச்சை எண்களில் ஓடுகிறது. பேருந்து சிக்னலில் நின்றது. பெய்லான் மூன்று தரம் எண் மாறுகிற வரை பார்த்தாள். ஏழு. ஒன்பது. எட்டு.

"நல்லா எழுதுறான்," என்றாள். தனக்குத்தானே.

முடிவு ஒரே பக்கம். 'பணியிடக் காற்றின் பாதரச அளவு தொடர்ந்து எல்லைக்குள் இருந்ததாக முழுமையான ஆவணம் உள்ளதால், நோய்க்கும் தொழிலுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.' செருப்பளவைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் சேர்ந்துவிட்டதாம்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றாள் கவுண்டர் பெண்மணி. தாலின் பேனாவை முழுக் கையாலும் பற்றினான். முதல் கோடே கட்டத்தைத் தாண்டி, அச்சடித்த வரிகள் மேல் ஓடி, தாளைக் கிழித்தது.

"கட்டத்துக்குள்ள போடணும், அண்ணே." புதுப் படிவம் வந்தது. அதுவும் கிழிந்தது. மூன்றாவதில் பேனா கையை விட்டுத் தெறித்துத் தரையில் உருண்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"வீட்ல உள்ளவங்க போடலாமா?" என்று கேட்டான் தாலின், பெய்லானைப் பார்க்காமலே.

"போடலாம். அவரு பேர எழுதி, பக்கத்துல 'பதிலாக'ன்னு உங்க பேரப் போடுங்க, அக்கா."

பெய்லான் பேனாவைக் குனிந்து எடுத்தாள். கட்டத்துக்குள் ஷியாங் தாலின் என்று எழுதினாள். பக்கத்தில் தன் பெயர். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, எல்லா எழுத்தும் ஒரே உயரம்.

கவுண்டர் பெண்மணி தாளைத் தூக்கிப் பார்த்தாள். "அடேங்கப்பா, அச்சு மாதிரியே இருக்கே அக்கா, உங்க எழுத்து!" என்று சொல்லிவிட்டு, முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி அதன் மேல் குத்தினாள்.